பின்பக்கத்திலிருந்து புரட்டுங்கள்

"படிக்கிற மாதிரி ஒரு நல்ல பத்திரிகை சொல்லுங்களேன்" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, படிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதுதான். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். பத்து நிமிடம், மிஞ்சிப் போனால் கால் மணி நேரம். தூங்கப் போவதற்கு முன், பயணத்தில், எங்காவது காத்திருக்கும்போது. இவர்களுக்கு இருபது பக்க நீள்கட்டுரையைக் கொடுத்து என்ன பயன்? ஒரே அமர்வில் முடிகிற, முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "இதைக் கேளேன்" என்று சொல்லத் தூண்டுகிற சின்னக் கட்டுரைகள்தான் வேண்டும். எனக்கும் அதில்தான் தீராத ஆசை. அதனால் எந்தப் பத்திரிகை கைக்கு வந்தாலும் பின்னாலிருந்துதான் புரட்டுவேன்.

இதற்குக் காரணம் உண்டு. அட்டைப்படக் கட்டுரை நன்றாக இருப்பதில் வியப்பில்லை. இதழின் விற்பனையே அதை நம்பித்தான் இருக்கிறது. அனுபவமுள்ள எழுத்தாளர், புகைப்படக்காரர், தகவல் சரிபார்ப்பவர் என்று எல்லோரும் அதற்காக உழைத்திருப்பார்கள். ஆனால் நாற்பதாம் பக்கத்தின் மூலையில் வருகிற கால் பக்கக் குறிப்பை யாருக்காகச் செதுக்க வேண்டும்? அதற்காக யாரும் இதழை வாங்கப்போவதில்லை. அப்படியிருந்தும் அதை ஒருவர் உட்கார்ந்து, வெட்டி, திருத்தி, கடைசி வரியைச் சரியாக இறக்கியிருந்தார் என்றால் அந்த ஆசிரியர் குழுவை நான் நம்புவேன். சின்னப் பக்கங்களில் தெரிகிற அக்கறைதான் ஒரு பத்திரிகையின் உண்மையான தரம் என்பது என் உறுதியான எண்ணம்.

தி எகானமிஸ்ட் பத்திரிகையைப் பலர் பொருளாதாரம் படிக்க வாங்குகிறார்கள். எனக்கு அதன் கடைசிப் பக்கம் போதும். அங்கே வாராவாரம் ஒரே ஒரு இரங்கல் கட்டுரை வரும். சுமார் ஆயிரம் சொல், ஒரு படம், அவ்வளவுதான். எழுதியவர் பெயர் இருக்காது, அந்தப் பத்திரிகையின் வழக்கம் அது. 1995ல் தொடங்கிய பகுதி. 2003 முதல் ஆன் ரோ அதற்குப் பொறுப்பேற்று, இந்தச் சின்ன வடிவத்தைத் தனிக் கலையாகவே வளர்த்தெடுத்தார். நாட்டுத் தலைவர்கள் மட்டும்தான் அந்தப் பக்கத்தில் இடம்பெறுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2007ல் அலெக்ஸ் என்ற சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளி செத்தபோது அதற்கு அந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டது. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் பழக்கிய கிளி அது. நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லும்.

2009ல் ஒரு மீனுக்கும் அந்தப் பக்கம் கிடைத்தது. பென்சன் என்ற கெண்டை மீன். இங்கிலாந்தில் பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஏரியில் வாழ்ந்தது. பெண் மீன், உச்சத்தில் எடை கிட்டத்தட்ட 29 கிலோ. தூண்டில்காரர்கள் அதை அறுபது தடவைக்கு மேல் பிடித்து, தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். ஒரு மீனைப் பற்றி ஆயிரம் சொல் எழுத என்ன இருக்கிறது என்றுதானே தோன்றும்? நிறையவே இருக்கிறது. அதைப் பிடித்தவர்களின் பெருமை, பிடிக்க முடியாதவர்களின் ஏக்கம், எத்தனை தடவை ஏமாந்தாலும் மறுபடி இரையைக் கவ்விய அதன் பசி. ஒரு பக்கத்துக்குள் ஒரு முழு வாழ்க்கை. அதைப் படித்தபோது, இந்த அளவுக்கு எழுதத் தெரிந்தவர்கள் வேறு எதைப் பற்றி எழுதினாலும் படித்துவிடலாம் என்று தோன்றியது.

கடைசிப் பக்கத்தின் மகிமை தமிழில் வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. 1965ல் தொடங்கிய கணையாழியில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம்தான் கதை, கவிதைப் பக்கங்களுக்குப் போன வாசகர்கள் ஏராளம். ஒரு பக்கம்தான். அதற்குள் அறிவியலும் வரும், புதுக்கவிதையும் வரும், சினிமாவும் வரும். இடம் குறைவு என்பதால் எதையும் இழுக்க முடியாது.

இந்த இடக் குறைவு சிறு கட்டுரைக்குப் பிறவியிலேயே வாய்த்த வரம். 1711 மார்ச்சில் லண்டனில் ஜோசப் அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் தி ஸ்பெக்டேட்டர் என்ற தாளைத் தொடங்கினார்கள். ஞாயிறு தவிர தினமும் வரும். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சு. ஏறக்குறைய 2500 சொற்கள், பெரும்பாலும் ஒரே கட்டுரை. தாள் முடிந்தால் கட்டுரையும் முடிந்தாக வேண்டும். 1712 டிசம்பருக்குள் 555 இதழ்கள் வந்துவிட்டன. நாளுக்கு மூவாயிரம் பிரதிகள் போகின்றன, ஒவ்வொன்றையும் இருபது பேராவது படிப்பார்கள் என்று அடிசன் கணக்குப் போட்டார். காபிக் கடைகளில் ஒரு தாள் பல கைகள் மாறிய காலம் என்பதால் அந்தக் கணக்கை மிகை என்று தள்ளிவிட முடியாது. தத்துவத்தைப் படிப்பறைகளிலிருந்து மக்கள் கூடிப் பேசுகிற இடங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே தன் ஆசை என்றும் அவர் எழுதினார். இன்றைக்கும் ஒரு நல்ல சிறு கட்டுரை செய்வது இந்த வேலையைத்தான்.

இதே கட்டுப்பாட்டை இப்போது விரும்பி ஏற்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரெவிட்டி என்ற இணைய இதழ் 1997லிருந்து வருகிறது. வாழ்க்கை அனுபவக் கட்டுரைகள்தான், ஆனால் 750 சொல்லைத் தாண்டக்கூடாது. சிலவற்றை இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம், ஆனால் அன்று முழுவதும் மனதை விட்டுப் போகாது. எல்லாமே அப்படி என்று சொல்லமாட்டேன். சில கட்டுரைகள் கடைசி வரியில் கண்ணீரைத் தேடி ஓடும். அவற்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம், சின்னதில் அந்த வசதியும் இருக்கிறது.

அடுத்து நான் பார்ப்பது வாசகர்கள் எழுதுகிற பக்கங்களை. பத்திரிகைக்கும் அதன் வாசகர்களுக்கும் இடையே உள்ள உறவு அங்கேதான் தெரியும். நியூ சயின்டிஸ்ட் வார இதழில் 'தி லாஸ்ட் வேர்ட்' என்று ஒரு பகுதி உண்டு. கேள்வி கேட்பவரும் வாசகர், பதில் சொல்பவரும் வாசகர். பனியில் நிற்கிற பென்குயினின் கால் ஏன் உறைவதில்லை? இது அங்கே வந்த புகழ்பெற்ற கேள்வி. விஷயம் இதுதான்: காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டியபடி ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுக் காலுக்குப் போகிறது. அதனால் உடம்பின் சூடு வெளியே வீணாவதில்லை, காலும் உறைநிலைக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலேயே இருக்கும். குளிர் கூடும்போது காலுக்குப் போகும் ரத்தத்தின் அளவையும் பென்குயின் குறைத்துக்கொள்ளும். அரைப் பக்கத்துக்குள் இவ்வளவும் புரிந்துவிடுகிறது. இதையே ஒரு பாடநூலில் தேடிப் போயிருந்தால் பாதி வழியில் ஆர்வம் வடிந்திருக்கும்.

தி ஓல்டி என்ற பிரிட்டிஷ் மாத இதழ் இன்னொரு வகை. ரிச்சர்ட் இங்கிராம்ஸ் 1992ல் தொடங்கியது. புகழ்பெற்ற யாரையாவது வாழ்க்கையில் ஒரு முறை சந்தித்தவர்கள், அந்தச் சந்திப்பைச் சுருக்கமாக எழுதுவதற்கு அதில் ஒரு பகுதி இருக்கிறது. எழுதுபவர் தொழில்முறை எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. அதனாலேயே அதில் ஒரு உண்மை இருக்கும். பெரிய மனிதர் சொன்ன ஒரு வாக்கியம், அவர் கோட்டில் இருந்த கறை, கைகுலுக்கிய விதம், இந்த மாதிரி. வாழ்க்கை வரலாற்று நூல்கள் இப்படிப்பட்டவற்றைத் தவறவிட்டுவிடும்.

சரி, அதைவிடச் சின்னதற்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒரு கட்டுரை முடிந்து பத்தியின் அடியில் இரண்டு அங்குலம் காலியாகக் கிடந்தால் எதையாவது போட்டு நிரப்புவார்கள். 1925ல் தொடங்கிய தி நியூ யார்க்கர் அந்த இரண்டு அங்குலத்தையும் வீணாக்கவில்லை. மற்ற பத்திரிகைகளில் வந்த அச்சுப்பிழைகளையும் அசட்டு வாக்கியங்களையும் வெட்டி எடுத்துப் போட்டு, அடியில் ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரியைப் பல பத்தாண்டுகள் எழுதியவர் இ. பி. ஒயிட். ஆங்கில உரைநடையின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று, பக்கம் நிரப்பும் துணுக்குக்காக உழைத்திருக்கிறது. இதைத்தான் நான் அக்கறை என்கிறேன்.

ஹார்ப்பர்ஸ் மாத இதழில் 1984 முதல் 'ஹார்ப்பர்ஸ் இண்டெக்ஸ்' வருகிறது. ஒரு பக்கம் முழுக்க வெறும் எண்கள். ஒரு வரி விவரம், எதிரே ஒரு எண், விளக்கம் எதுவும் கிடையாது. ஆனால் எந்த எண்ணுக்கு அடுத்து எந்த எண் வர வேண்டும் என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. மேல் வரியையும் கீழ் வரியையும் சேர்த்துப் படித்தால் யாரும் எழுதாத மூன்றாவது வரி ஒன்று மனதில் எழும். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்பதையும் இதழின் வேறொரு பக்கத்தில் அச்சிட்டுவிடுகிறார்கள்.

சின்னப் பக்கங்கள் பிடித்துப்போனால், அப்புறம் கவனிக்க வேண்டியது ஆளை. பத்திரிகையின் பெயரை நம்பி ஆண்டுச் சந்தா கட்டுவதைவிட, ஒரு பத்தியாளரை நம்பி இதழ் இதழாக வாங்குவது மேல் என்பேன். மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கனில் 1957 தொடக்கத்திலிருந்து மாதாமாதம் கணித விளையாட்டுகள் பற்றி எழுதினார். அதற்கு முந்தைய மாதம் மடித்துத் திருப்பத் திருப்பப் புதுப்புது முகம் காட்டுகிற ஒரு காகிதப் பட்டையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்புதான் அந்தப் பத்திக்கு வழிவகுத்தது. 1970 அக்டோபரில் கட்டங்களில் புள்ளிகள் சில விதிகளின்படி பிறந்து மறைகிற, கணிதவியலாளர் ஜான் கான்வேயின் 'லைஃப்' விளையாட்டை உலகுக்கு அறிமுகம் செய்ததும் அந்தப் பத்திதான். கணிதம் என்றாலே விலகி ஓடுகிறவர்கள்கூட அதை விரும்பிப் படித்தார்கள். நேச்சுரல் ஹிஸ்டரி இதழில் ஸ்டீபன் ஜே கூல்ட் 1974 ஜனவரியிலிருந்து 2001 ஜனவரி வரை ஒரு இதழும் தவறாமல் 300 கட்டுரைகள் எழுதினார். அவர் கட்டுரைகள் சற்று நீளம்தான். ஆனால் ஏதாவது ஒரு சின்ன விஷயத்தில், ஒரு நத்தையின் ஓட்டிலோ ஒரு பாண்டாவின் கட்டைவிரலிலோ தொடங்கி, பரிணாமத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். நத்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் அந்த இதழை வாங்கியிருக்கமாட்டார்கள். கூல்ட் இந்த மாதம் என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான் வாங்கினார்கள்.

அப்படிப்பட்ட ஆட்களை எங்கே கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்ததில் நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் வெளியாகும் தேர்ந்தெடுத்த கட்டுரைத் தொகுப்புகளின் கடைசிப் பக்கங்கள். உதாரணத்துக்கு, 1986ல் ராபர்ட் அட்வான் தொடங்கிய 'தி பெஸ்ட் அமெரிக்கன் எஸ்ஸேஸ்' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருபது சொச்சம் கட்டுரைகள். ஆனால் பின்னால், இடம் கிடைக்காமல் போன, ஆனாலும் குறிப்பிடத்தக்க கட்டுரைகளின் நீண்ட பட்டியல் இருக்கும், எந்தப் பத்திரிகையில் வந்தது என்ற விவரத்தோடு. அந்தப் பட்டியலை ஒரு பென்சிலோடு உட்கார்ந்து பாருங்கள். கேள்விப்பட்டே இராத ஒரு காலாண்டிதழின் பெயர் நாலைந்து தடவை வந்திருக்கும். அங்கே நல்ல ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த இதழைத் தேடிப் போகலாம்.

இன்னொரு வழி, பிடித்த கட்டுரையின் அடியில் எழுதியவரைப் பற்றி வருகிற இரண்டு வரி. அவர் வேறு எங்கே எழுதுகிறார் என்று அதில் இருக்கும். எழுத்தாளர்கள் தங்களை நன்றாக நடத்துகிற பத்திரிகைகளுக்குத்தான் திரும்பத் திரும்ப எழுதுவார்கள், அதனால் இந்தச் சங்கிலி பெரும்பாலும் நல்ல இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டுமா? பொது நூலகங்கள் பலவும் லிப்பி, பிரஸ்ரீடர் போன்ற செயலிகள் வழியாக இதழ்களைப் படிக்கத் தருகின்றன. உங்கள் நூலகம் சேர்ந்திருந்தால் உறுப்பினர் அட்டை போதும். ஒரே பத்திரிகையின் மூன்று இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு சின்னப் பக்கங்களை மட்டும் படியுங்கள். ஒரு இதழ் தற்செயலாக நன்றாக அமைந்துவிடும். மூன்றிலும் துணுக்குகள் துடிப்போடு இருந்தால் சந்தா கட்டலாம். விளம்பரமா கட்டுரையா என்று பிரித்தறிய முடியாத பக்கம் ஒன்று கண்ணில் பட்டாலும் நான் அங்கேயே மூடிவிடுவேன். தலைப்பில் விஷயத்தை மறைத்து ஆசை காட்டி, கடைசிப் பத்தி வரை இழுத்தடிக்கிற கட்டுரைகளையும் அதே மாதிரி ஒதுக்கிவிடலாம். பத்து நிமிடம் மட்டுமே வைத்திருக்கிற வாசகரின் நேரத்தை அப்படித் தின்பது எனக்கு நிஜமாகவே கோபத்தை வரவழைக்கிறது.

சுருக்கித் தரும் இதழ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டீவிட் வாலஸ் முதல் உலகப் போரில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது பத்திரிகைகளைப் படித்துப் படித்துச் சுருக்கிப் பார்த்தார். மனைவி லைலாவோடு சேர்ந்து 1922 பிப்ரவரியில் ரீடர்ஸ் டைஜஸ்ட்டைக் கொண்டுவந்தார். முதல் இதழில் 31 கட்டுரைகள், நாளுக்கு ஒன்று என்ற கணக்கு. எவ்வளவு நல்ல யோசனை! கோடிக்கணக்கான பேருக்குப் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்த இதழ் அது. ஆனாலும் எனக்குச் சுருக்கிய கட்டுரையில் முழு நிறைவு கிடைப்பதில்லை. முதலிலேயே எண்ணூறு சொல்லுக்கென்று யோசித்து எழுதியதும், நாலாயிரம் சொல்லை எண்ணூறாக வெட்டியதும் படிக்கும்போதே வேறு வேறாகத் தெரியும். வெட்டியதில் தகவல் எல்லாம் பத்திரமாக இருக்கும், மூச்சு விட இடம் இருக்காது. அந்த இதழிலும் முதலில் நான் தேடிப் போவது வாசகர்கள் அனுப்புகிற சின்னச் சம்பவங்களைத்தான். அவை எழுதும்போதே அந்த அளவில் பிறந்தவை.

இணையத்தில் மட்டுமே வருகிற இதழ்களில் கடைசிப் பக்கம் என்று ஒன்று இல்லாதது பெரிய குறை. எங்கே முடிகிறது என்றே தெரியாது, உருட்டிக்கொண்டே போகலாம். அதனால் அங்கே என் சோதனை கொஞ்சம் மாறும். கட்டுரை முடிந்ததும் நம்மை விட்டுவிடுகிறதா, இல்லை அடுத்ததற்குக் கையைப் பிடித்து இழுக்கிறதா என்று பார்ப்பேன். 2011ல் தொடங்கிய தி பப்ளிக் டொமைன் ரிவ்யூ விட்டுவிடுகிற ரகம். காப்புரிமை முடிந்த பழைய ஓவியங்கள், மறந்துபோன நூல்கள், விசித்திரமான வரைபடங்கள், இவற்றைச் சுற்றி எழுதுகிறார்கள். முழுக்கட்டுரைகள் நீளமானவை. ஆனால் ஒரு பழைய படத்தொகுப்பை எடுத்துவைத்து அதற்கு எழுதும் சின்ன அறிமுகங்கள்தான் அந்தத் தளத்தின் சொத்து என்பேன். கணிதமும் இயற்பியலும் பிடிக்குமென்றால் குவாண்டா. சைமன்ஸ் அறக்கட்டளை நடத்துவதால் இலவசம், விளம்பரமும் கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழியைச் சொல்கிறேன். உங்களுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு தொழிலின் பத்திரிகையை எடுத்துப் படியுங்கள். தொழில் இதழ்களில் எழுதுபவர்கள் வாசகரைக் கவர வேண்டும் என்று எழுதுவதில்லை, விஷயம் தெரிந்தவருக்கு விஷயம் தெரிந்தவர் எழுதுகிறார். வெளி ஆளாக அதை ஒட்டுக்கேட்பதில் தனி ருசி இருக்கிறது. அமெரிக்கன் பீ ஜர்னல் 1861ல் தொடங்கியது. முழுக்க முழுக்கத் தேனீ வளர்ப்பு. அதன் பழைய இதழ்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கின்றன. நான் ஒரு தேன்கூட்டைக்கூடத் தொட்டதில்லை, இருந்தும் அவற்றைப் புரட்ட ஆரம்பித்தால் எழுந்திருக்க மனம் வராது.

அதில் டாக்டர் சி. சி. மில்லர் என்பவரின் கேள்வி-பதில் பகுதியைத் தேடிப் பாருங்கள். இல்லினாய் மாநிலத்தில் இருந்தவர். மருத்துவம் படித்துவிட்டுத் தேனீ வளர்ப்புக்கு வந்தார். ராணித் தேனீ மூன்று நாளாகக் காணோம், கூட்டை வடக்குப் பார்த்து வைக்கலாமா, குளிர்காலத்துக்கு எவ்வளவு தேனை விட்டுவைக்க வேண்டும் என்ற ரகத்தில் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரியில் பொறுமையாகப் பதில். விடை கைவசம் இல்லாதபோது "எனக்குத் தெரியாது" என்றே எழுதிவிடுவார். தேனீ வளர்ப்பவர்கள் மத்தியில் அந்த "தெரியாது" அவ்வளவு பிரபலம். மற்ற பதில்களை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். 1917ல் இந்தப் பதில்களிலிருந்து ஆயிரத்தைத் திரட்டிப் புத்தகமாகவும் போட்டார்கள். ஆனால் இதழிலேயே படிப்பதுதான் நல்லது. பக்கத்திலேயே தேன் பிழியும் இயந்திர விளம்பரமும், யாரோ ஒருவர் இந்த வருஷ மகசூல் பற்றி எழுதிய கடிதமும் இருக்கும். தேனீயில் மனம் போகாது என்றால் சதுரங்கம் இருக்கிறது. பிரிட்டிஷ் செஸ் மேகஸின் 1881லிருந்து வருகிறது. ஆட்டக் குறிப்புகளைத் தாண்டிவிட்டு நேராக வாசகர் கடிதங்களுக்குப் போங்கள்.